செஞ்சி மலையும் முழங்கால் வலியும்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் சாலையில் பிரயாணம் செய்தவர்களுக்கு, செஞ்சியை நெருங்கும்போது தென்படும் காட்சி எளிதில் மறக்காது. ராட்சதக் குழந்தை ஒன்று விளையாடிவிட்டு அடுக்கி வைத்துப் போன கூழாங்கற்களைப் போல, ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளும் வானத்தை முட்டிக்கொண்டு நிற்கின்றன. 1677-ல் சிவாஜி மகாராஜா இக்கோட்டையைக் கைப்பற்றிப் பலப்படுத்தினார். பிறகு அவருடைய குமாரர் ராஜாராம் இதனுள்ளே இருந்தபோது, மொகலாயத் தளபதி ஜுல்பிகர்கான் 1690-ல் முற்றுகை தொடங்கி, 1698-ல்தான் உள்ளே காலடி வைக்க முடிந்தது. 1714-ல் ராஜா தேசிங்கு போரில் மடிந்ததும் இந்த மண்ணில்தான். 2025 ஜூலை மாதத்தில் யுனெஸ்கோ ஸ்தாபனம் மராட்டியர்களின் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றுக் கொண்டபோது, அவற்றில் தமிழ்நாட்டைச் சேர்ந்தது செஞ்சி ஒன்றுதான்.

கோட்டையின் பெருமையைப் பேசுவது இந்தப் பகுதியின் வேலையல்ல. அதற்கு நம் பத்திரிகையில் வேறு பக்கங்கள் இருக்கின்றன. தேகாரோக்கியத்தைப் பற்றித்தான் நான் எழுதவேண்டும். ஆனால் இந்த வாரத்து விஷயம் எனக்குக் கிடைத்ததே ராஜகிரியின் படிக்கட்டில் என்பதால், நேயர்கள் என்னுடன் கொஞ்சம் மலை ஏறித்தான் ஆகவேண்டும்.

யுனெஸ்கோ செய்தி வெளியான சில வாரங்களுக்கெல்லாம், ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், என் தமக்கையும், அவள் மகளும், பையன்களும், நானுமாகச் செஞ்சிக்குப் புறப்பட்டோம். தமக்கையின் மகளுக்கு வயது இருபத்தாறு. பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. விடுமுறை நாட்களில் அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குப் பரத நாட்டியம் சொல்லிக் கொடுக்கிறாள். ராஜகிரி ஏறக்குறைய எண்ணூறு அடி உயரம். படிகளோ ஒன்றுக்கொன்று பொருத்தமில்லாதவை. ஒரு படி விரற்கடை உயரம் என்றால், அடுத்தது முழங்கால் உயரம். அந்தப் பெண் எங்களுக்கெல்லாம் முன்னால் ஏறினாள். ஆழமான பாறைப் பிளவின் மேல் போட்டிருக்கும் பாலத்தைத் தாண்டி உச்சிக்குப் போய், காற்றில் நின்று, "மாமா, இன்னும் எத்தனை நேரம்?" என்று கேட்டுக் கேலி செய்தாள்.

இறங்கும்போது கதை மாறிவிட்டது. இருபது படி இறங்குவதற்குள் அவளுடைய பேச்சு நின்றது. பிறகு ஒரு கையால் பாறையைப் பற்றிக் கொண்டாள். பிறகு ஒவ்வொரு படியிலும் முதலில் இடது காலை வைத்து, வலது காலை அதன் பக்கத்தில் கொண்டு வந்து சேர்த்து, சின்னக் குழந்தை இறங்குவதுபோல் இறங்கினாள்.

"என்னம்மா, சுளுக்கா?" என்றேன்.

"ஒன்றுமில்லை, மாமா. கொஞ்சம் களைப்பு."

ஒன்றுமில்லை என்று சொன்னவளின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. அடிவாரத்துக் களஞ்சியத்தின் நிழலில் உட்கார்ந்தவள், எழுந்திருக்கும்போது இரண்டு கைகளையும் தரையில் ஊன்றிக்கொண்டுதான் எழுந்தாள். அங்கே வெள்ளரிப் பிஞ்சு விற்றுக் கொண்டிருந்த கிழவி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். "நேரா எறங்காதே கண்ணு, குறுக்கால எறங்கு. ஒரு கொம்பு வச்சிக்கோ. நான் கமலக்கண்ணியம்மனுக்கு அப்படித்தான் ஏறி எறங்கறேன்" என்று சொல்லிவிட்டு, இரண்டு பிஞ்சுகளைச் சீவி அவள் கையில் கொடுத்தாள். அந்தச் சமயத்தில் அந்தப் பெண்ணுக்கு அதைவிட நல்ல வைத்தியம் வேறு எவராலும் சொல்லியிருக்க முடியாது என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

காரில் திரும்பி வரும்போது விஷயம் வெளிவந்தது. வலி இரண்டு வருஷமாக இருக்கிறது. முதலில் அரைமண்டியில் உட்காரும்போது முழங்கால் சில்லைச் சுற்றி இலேசாகக் குடைந்தது. பிறகு மாடிப்படி இறங்கும்போது வந்தது. பிறகு சினிமாக் கொட்டகையில் மூன்று மணி நேரம் காலை மடக்கி உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாமல் போயிற்று. யாரோ ஒருவரிடம் காட்டி, ஸ்கான் எடுத்து, "ஜவ்வு தேய ஆரம்பித்துவிட்டது, இனி நாட்டியம் கூடாது, மாடி கூடாது, தரையில் உட்காரக் கூடாது" என்று கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். அன்று முதல் அவள் நாற்காலியில் உட்கார்ந்து தட்டுக்கழியால் தாளம் போட்டுத்தான் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். குழந்தைகள் அடவைத் தப்பாகப் போட்டாலும் எழுந்து ஆடிக் காட்டுவதில்லை.

"இத்தனை நாளாக ஏன் எனக்குச் சொல்லவில்லை?" என்று என் தமக்கையைக் கேட்டேன்.

"நீ பத்திரிகையில் எழுதிவிடுவாய்" என்றாள் அவள். "கல்யாணமாக வேண்டிய பெண்ணுக்கு இந்த வயதில் முழங்கால் வலி என்று தெரிந்தால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்?"

அவள் பயந்தபடியேதான் நான் இப்பொழுது எழுதிக்கொண்டிருக்கிறேன். பெண்ணின் அனுமதியைப் பெற்றுக்கொண்டுதான். "எழுதுங்கள் மாமா, என்னைப்போல் ஒளித்து வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர்" என்றாள். அவள் சொன்னது உண்மை. வாலிப வயதில் வரும் முழங்கால் வலிகளில் மிகச் சாதாரணமானது இதுதான். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகமாக வருகிறது. அப்படியிருந்தும் நம் வீடுகளில் இதற்கு இரண்டே பதில்கள் வழங்கி வருகின்றன. ஒன்று, "எல்லோருக்கும் இருப்பதுதான், பொறுத்துக்கொள்." மற்றொன்று, "தேய்ந்துவிட்டது, அசையாதே." இரண்டும் பிசகு.

அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் இயன்முறைச் சிகிச்சை செய்யும் அம்மையார் ஒருவர் எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமானவர். பிஸியோதெரபி என்று ஜனங்கள் சொல்லும் அதே சிகிச்சைதான். இந்தக் கலைக்கு நம் நாட்டில் முறையான பள்ளிக்கூடம் ஏற்பட்டது 1950-களின் தொடக்கத்தில், பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில், இளம்பிள்ளை வாதத்தில் கால் விழுந்த குழந்தைகளுக்காக, உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஒத்துழைப்புடன் அது தொடங்கப்பட்டது. நடக்கமாட்டாத குழந்தைகளை நடக்க வைப்பதற்காக வந்த கலை, நடக்கக்கூடிய பெண்ணை மறுபடி ஆட வைக்கமாட்டாதா என்ற நம்பிக்கையுடன் அந்த அம்மையாரிடம் போனோம்.

அவர் ஸ்கான் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு உறையில் போட்டு வைத்துவிட்டார். பிறகு பெண்ணை மெதுவாகக் குந்தி எழுந்திருக்கச் சொன்னார், வலித்தது. உயரம் குறைந்த ஒரு மனையின் மேல் ஒற்றைக் காலால் நிற்க வைத்து, மற்றக் காலால் தரையைத் தொடச் சொன்னார். அப்பொழுது என் கண்ணுக்கே ஒரு விஷயம் தெரிந்தது. நின்ற காலின் முழங்கால், பாதத்துக்கு நேராக மடங்காமல், உட்புறமாகச் சாய்ந்து மடங்கியது.

"இதைத்தான் பார்க்க வேண்டும். வலி முழங்காலில், வேலை செய்யாமல் சும்மா இருப்பது இடுப்பு" என்றார் அம்மையார்.

முழங்கால் சில்லு என்பது தொடையின் முன்புறத் தசைநாருக்குள் பதிந்திருக்கும் ஓர் எலும்பு. காலை மடக்கி நீட்டும்போது, தொடை எலும்பின் நுனியிலுள்ள பள்ளத்தில் அது மேலும் கீழும் ஓடுகிறது. கிணற்றுக் கயிறு ராட்டினத்தில் ஓடுவதாக வைத்துக்கொள்ளலாம். கயிற்றைக் குறைந்த பலத்தில் இழுத்து அதிகச் சுமையைத் தூக்க இந்த ஏற்பாடு உதவுகிறது. சமதரையில் நடக்கும்போது இந்தச் சில்லின் மேல் விழும் அழுத்தம் ஏறக்குறைய நம் உடல் எடை அளவு, அல்லது அதற்கும் குறைவு. படி ஏறி இறங்கும்போது அதுவே சுமார் மூன்று மடங்காகிறது. நன்றாகக் குந்தி எழுந்தால் இன்னும் பல மடங்கு. ஐம்பது கிலோ எடையுள்ள பெண் ராஜகிரியில் வைக்கும் ஒவ்வொரு படிக்கும் நூற்றைம்பது கிலோ. செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஏற்றி இறக்குகிறார்களே, எழுபத்தைந்து கிலோ நெல் மூட்டை, அதில் இரண்டு!

ஏறும்போது இல்லாத வலி இறங்கும்போது ஏன் வந்தது? ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை, சுமையைத் தாங்கிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு கொடுக்க வேண்டும்; மாட்டு வண்டி மேட்டிலிருந்து இறங்கும்போது வண்டிக்காரன் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டே விட்டுக் கொடுப்பதுபோல. களைத்துப்போன தசைக்கு அந்த வேலைதான் கடினம். அதோடு இடுப்பின் பக்கவாட்டுத் தசைகளும் சோர்ந்துவிட்டால், தொடை எலும்பு உள்நோக்கித் திரும்பிவிடுகிறது. முன்பெல்லாம், சில்லுதான் தன் பாதையைவிட்டு விலகுகிறது என்று வைத்தியர்கள் எண்ணி, அதை இழுத்து நிறுத்துவதிலேயே கவனமாயிருந்தார்கள். 2003-ல் அமெரிக்காவில் பவர்ஸ் என்பவரும் அவருடைய சகாக்களும், காலில் எடை தாங்கி நிற்கும் நிலையில் முழங்காலைப் படம் எடுத்துப் பார்த்தபோது, சில்லுக்கு அடியில் தொடை எலும்பே திரும்புவதைக் கண்டார்கள். ரயில் தடம் புரளவில்லை. அதன் அடியில் தண்டவாளம் நகர்கிறது!

அரைமண்டியின் மர்மமும் இதில் அடங்கியிருக்கிறது. பாதங்களைப் பக்கவாட்டில் திருப்பி உட்காரும் அந்த நிலையில், திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வரவேண்டும். இடுப்பு இடங்கொடுக்காதபோது பாதத்தை மட்டும் வலுக்கட்டாயமாகத் திருப்பினால், நடுவில் அகப்பட்டுக்கொண்டு முறுக்கப்படுவது முழங்கால்தான். கச்சேரி, போட்டி என்று வந்தால் ஒரே மாதத்தில் சாதகத்தை இரண்டு மடங்காக்கும் வழக்கம் வேறு இருக்கிறது. தசைகள் பழகுவதற்கு முன் சுமை ஏறிவிடுகிறது.

"அப்படியானால் தேய்மானம்?" என்று என் தமக்கை கேட்டாள்.

குருத்தெலும்புக்கு நரம்பே கிடையாது என்றார் அம்மையார். படத்தில் அது கொஞ்சம் மென்மையாகத் தெரிபவர்கள் பலர் ஒரு வலியுமில்லாமல் ஓடியாடுகிறார்கள். படம் அழகாயிருப்பவர்களில் சிலர் படி இறங்க முடியாமல் தவிக்கிறார்கள். இந்த வகை வலியைக் கண்டுபிடிக்கக் குந்திப் பார்ப்பதும் கதையைப் பொறுமையாகக் கேட்பதும் பெரும்பாலும் போதும். ஆனால் முழங்கால் வீங்கினாலோ, மடக்கிய நிலையிலேயே மாட்டிக்கொண்டாலோ, திடீரென்று நழுவி விழச் செய்தாலோ, ஜுரமோ இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலியோ இருந்தாலோ, அது வேறு சமாசாரம்; வைத்தியரிடம் உடனே போகவேண்டும். முழங்கால் வலிக்கிறது என்று நொண்டும் குழந்தைக்குக் கோளாறு இடுப்பு மூட்டில் இருக்கக்கூடும். அதையும் அலட்சியம் செய்யலாகாது.

சிகிச்சைக்கு வருவோம். இத்துறையின் நிபுணர்கள் பல நாடுகளிலிருந்து ஆஸ்திரேலியாவில் கூடித் தயாரித்து 2018-ல் வெளியிட்ட அறிக்கையும், 2019-ல் அமெரிக்க இயன்முறை வைத்தியர்கள் வெளியிட்ட வழிகாட்டியும் ஒரே குரலில் சொல்வது, தொடைக்கும் இடுப்புக்கும் சேர்ந்த தேகப் பயிற்சியே பிரதான மருந்து என்பதுதான். சில்லின் மேல் நாடா ஒட்டி வலியைக் குறைக்கும் முறை ஒன்று உண்டு. ஆஸ்திரேலியப் பெண்மணி ஜென்னி மக்கனல் 1986-ல் வெளியிட்டது அது. முதல் சில வாரங்களுக்கு அதனால் உதவி உண்டு. வலி அடங்கியிருக்கும் அந்த நேரத்தில் பயிற்சியைப் பழகிக்கொள்ள வேண்டும். செருப்புக்குள் வைக்கும் மெத்தைத் தகடும் சிலருக்குச் சில வாரங்கள் சுகம் தரும். மற்றபடி, கடைகளில் தொங்கும் முழங்கால் உறையையும், யந்திரத்தால் ஒலி அலை பாய்ச்சுவதையும் அந்த வழிகாட்டி சிபாரிசு செய்யவில்லை. எண்ணெய் தேய்ப்பதைப் பற்றி என் தமக்கைக்காகக் கேட்டேன். "தாராளமாகத் தேய்க்கட்டும், சுகமாயிருக்கும். ஆனால் எண்ணெயைக் குடித்து எந்தத் தசையும் பலத்ததில்லை" என்று பதில் வந்தது.

முதல் மூன்று வாரங்கள் பெரும்பாலும் படுக்கையிலேயே பயிற்சி நடந்தது. ஒருக்களித்துப் படுத்து, மேற்கால் மடங்காமல், கொஞ்சம் பின்புறமாக வைத்து உயர்த்தி மெதுவாக இறக்குவது. மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கிப் பாதங்களை ஊன்றி, இடுப்பை உயர்த்தி நிறுத்துவது. ஒரு காலை நேராக நீட்டி ஒரு முழ உயரம் தூக்குவது. ஒவ்வொன்றும் பத்துப் பன்னிரண்டு தடவை, அதை மூன்று சுற்று, வாரத்தில் மூன்று நாள். பார்ப்பதற்கு இது பெரிய வித்தையாகத் தோன்றாது. செய்து பார்க்கிறவர்களுக்குத்தான் எட்டாவது தடவையில் இடுப்பு எரிவது தெரியும். நான் செய்து பார்த்தேன். ஆறாவது தடவையிலேயே தெரிந்தது.

பிறகு நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது. வாசற்படியில் ஏறி, முழங்கால் உட்புறம் சாயாதபடி கண்ணாடியில் பார்த்துக்கொண்டே மெதுவாக இறங்குவது. சுவரில் முதுகைச் சாய்த்துப் பாதி உயரம் குந்துவது. இதை அம்மையார் விளக்கியபோது என் தமக்கை, "இது அரைத் தோப்புக்கரணம் அல்லவா?" என்றாள். உண்மைதான். பிள்ளையார் சந்நிதியில் நாம் போடும் தோப்புக்கரணத்தையும், பழைய தேகப் பயிற்சிக் கூடங்களில் நம் வாலிபர்கள் தண்டாலுடன் சேர்த்துப் போட்ட பஸ்கியையும், வலிக்காத ஆழத்தில் நிறுத்தி, வாரத்துக்கு வாரம் சிறிது ஆழமாக்கிக்கொண்டு போனால் அதுவே சிகிச்சையாகிறது. எதையும் அந்நிய தேசத்திலிருந்து இறக்குமதி செய்யவேண்டியதில்லை. அளவு மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த அளவுதான் மிக முக்கியம். வலியே இல்லாமல் பயிற்சி செய்யவேண்டும் என்று காத்திருந்தால் பயிற்சியே நடக்காது. பத்துக்கு இரண்டு மூன்று என்று மதிப்பிடக்கூடிய வலி பரவாயில்லை. ஆனால் மறுநாள் காலைக்குள் அது பழைய நிலைக்கு அடங்கிவிட வேண்டும். அடங்காவிட்டால் அடுத்த தடவை குறைத்துக்கொள்ள வேண்டும். படுத்துவிடக் கூடாது. அடியோடு ஓய்வெடுத்தால் வலி மறையலாம். தசையும் அதோடு மறைகிறது. பிறகு எழுந்து முதல் படி இறங்கியதும் வலி வந்து வரவேற்கும். இந்தப் பெண்ணுக்கு இரண்டு வருஷம் நாற்காலி செய்த உபகாரம் அதுதான்.

எல்லோருக்கும் பூரண குணம் உண்டு என்று நான் சொல்லத் தயாரில்லை. ஆஸ்திரேலியாவிலும் ஹாலந்திலும் இத்தகைய நோயாளிகளை ஐந்து முதல் எட்டு வருஷம் கழித்து விசாரித்துப் பார்த்த ஆராய்ச்சி ஒன்று 2016-ல் வெளிவந்தது. பாதிக்கு மேற்பட்டவர்கள் தங்களுக்குத் திருப்தியான குணம் ஏற்படவில்லை என்றே சொல்லியிருந்தார்கள். தொடக்கத்திலேயே ஒரு வருஷத்துக்கு மேல் வலியுடன் இருந்தவர்களுக்குப் பலன் குறைவு. ஆகையால் "வெளியே தெரிந்தால் என்ன நினைப்பார்கள்" என்று ஒளித்து வைப்பதில் நஷ்டப்படுவது யார் என்பதை என் தமக்கை போன்ற தாய்மார்கள் யோசித்துப் பார்க்கட்டும்.

வெள்ளரிப் பிஞ்சு விற்ற கிழவியின் முழங்கால் வேறு ரகம். அந்த வயதில் மூட்டே தேய்ந்து வீங்குவது உண்டு. ஆயினும் அதற்கும் தொடைப் பயிற்சி நல்லது என்பதில் வைத்தியர்களுக்குள் அபிப்பிராய பேதம் கிடையாது. 2021 ஆகஸ்டு மாதத்தில் கிருஷ்ணகிரி ஜில்லாவிலுள்ள சாமனப்பள்ளி கிராமத்தில் தமிழ்நாடு அரசாங்கம் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், ரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மாத்திரைகளை வீட்டில் கொண்டுவந்து கொடுப்பதோடு, இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுபோவது என்று சேர்த்தார்கள். ஆஸ்பத்திரி வரை நடக்கமுடியாதவர்களுக்குத்தான் நடக்கும் சிகிச்சை தேவை என்பதை யாரோ ஒரு புத்திசாலி நினைத்துப் பார்த்திருக்கிறார்.

தமக்கையின் மகள் ஆவணி முதல் மார்கழி வரை பயிற்சி செய்தாள். நடுவில் தீபாவளிக்கு இரண்டு வாரம் விட்டுவிட்டாள், வலி திரும்பியது, அழுதாள், மறுபடி படுக்கைப் பயிற்சியிலிருந்து ஆரம்பித்தாள். "ஜுல்பிகர்கானுக்கு எட்டு வருஷம் பிடித்தது, உனக்கு ஐந்து மாதம்கூடக் கூடாதா?" என்று நான் சமாதானம் சொன்னேன். "அவருக்கு முழங்கால் வலியில்லை, மாமா" என்று பதில் சொல்லிவிட்டாள்.

தை மாதம் காணும் பொங்கலுக்கு மறுநாள், அவளே பிடிவாதம் பிடித்து எங்களைச் செஞ்சிக்கு அழைத்துப் போனாள். உச்சிவரை போகவில்லை, கமலக்கண்ணியம்மன் கோயிலோடு நிறுத்திக்கொண்டோம். இறங்கும்போது நான் அவளுக்குப் பின்னாலேயே வந்தேன். உயரமான படிகளில் குறுக்காகத் திரும்பி, கையில் ஒரு கொம்பை ஊன்றி இறங்கினாள். சிறிய படிகளில் சாதாரணமாக இறங்கினாள். அடிவாரத்தை அடைந்ததும், "பத்துக்கு எத்தனை?" என்று கேட்டேன்.

"மூன்று" என்றாள். பிறகு யோசித்து, "மூன்றரை" என்று திருத்தினாள்.

மறுநாள் காலையில் டெலிபோன் செய்து விசாரித்தேன். என் தமக்கைதான் எடுத்தாள். பெண்ணைக் கூப்பிடச் சொன்னேன். "இப்பொழுது வரமாட்டாள், குழந்தைகள் வந்திருக்கிறார்கள்" என்றாள். தட்டுக்கழிச் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்துப் பார்த்தேன். கேட்கவில்லை, அவள் வாயால் ஜதி சொல்வதும், தரையில் பல கால்கள் தட்டும் சத்தமும்தான் கேட்டன. "நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறாளா?" என்று கேட்டேன்.

"நாற்காலியின் மேல் துணிமணியைக் குவித்து வைத்திருக்கிறார்கள்" என்றாள் தமக்கை.